கப்பலில் சத்தமில்லாத அறை, அதுவும் மலிவாக: எங்கே எடுப்பது?

வாசகர் கேள்வி, 2 ஆகஸ்ட் 2024

சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் போய்வரும் நான்கு இரவுப் பயணம், நவம்பரில். நானும் அம்மாவும் மட்டும். அம்மாவுக்கு 68 வயது, கதவு திறக்கும் சத்தத்துக்கே விழித்துவிடுவார். பால்கனி அறை எங்கள் கைக்கு எட்டாது. ஜன்னல் இல்லாத உள்ளறை எடுத்தால் இயந்திரச் சத்தம் கேட்கும், கூடிய வரை மேல் தளத்தில் எடு என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள். உண்மையா?

3 ஆகஸ்ட் 2024, காலை

மேல் தளம் வேண்டாம். நான் முதல் பயணத்தில் மாட்டிக்கொண்டதே அங்கேதான்.

இயந்திரத்தை நினைத்துப் பயப்பட வேண்டியதில்லை. இப்போதைய பெரிய கப்பல்களில் தூக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் மனிதர்கள் போடும் சத்தம்: நாற்காலி, தள்ளுவண்டி, கதவு, பாட்டு, பக்கத்து அறைத் தொலைக்காட்சி.

அந்த முதல் பயணம் மூன்று இரவு. இருப்பதிலேயே விலை குறைந்த 'கியாரண்டி' உள்ளறை எடுத்தேன். கியாரண்டி என்றால் அறை உறுதி, ஆனால் எந்த அறை என்பதை அவர்கள் பிறகு முடிவு செய்வார்கள். எனக்கு வந்தது நீச்சல் குளத் தளத்துக்கு நேர் கீழே இருந்த அறை. விடியற்காலை ஐந்தேகாலுக்குத் தலைக்கு மேல் சாய்வு நாற்காலிகளை இழுத்து வரிசையாகப் போட ஆரம்பித்தார்கள். எஃகுக் கூரை வழியாக அந்தச் சத்தம் இறங்கும்போது, யாரோ நம் கட்டிலையே இழுப்பது போல இருக்கும். நான் மருத்துவமனையில் இரவுப் பணி பார்க்கிறவள். வருடத்தில் கிடைக்கிற நாலு நாள் விடுப்பில் இரவில் தூங்க வேண்டும் என்பதற்காகவே கப்பலுக்குப் போனேன். வேறு அறை கேட்டபோது கப்பல் நிரம்பிவிட்டது என்றார்கள். மூன்று காலையும் ஐந்தேகால்தான்.

அதனால் உள்ளறையா பால்கனியா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

3 ஆகஸ்ட் 2024, இரவு

எப்படிப் பார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒவ்வொரு கப்பலுக்கும் தள வரைபடம் இணையத்தில் இருக்கிறது. உங்கள் தளம், அதற்கு மேல் தளம், கீழ்த் தளம், மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்துவையுங்கள். லிஃப்டும் மாடிப்படியும் எல்லாத் தளத்திலும் ஒரே இடத்தில் இருக்கும், அவற்றை வைத்து மூன்று படங்களையும் பொருத்திக்கொள்ளலாம். நீங்கள் எடுக்கும் அறைக்கு மேலேயும் அறை, கீழேயும் அறை என்று இருந்தால் பாதி வேலை முடிந்தது. மேலே உணவுக்கூடம், சமையற்கூடம், உடற்பயிற்சிக்கூடம் இருந்தால் விட்டுவிடுங்கள். கீழே நாடக அரங்கு, நடனக்கூடம், சூதாட்டக்கூடம் இருந்தாலும் அப்படித்தான்.

வரைபடத்தில் எதுவும் எழுதாமல் வெள்ளையாக விட்ட இடங்களையும் கவனியுங்கள். அவை பணியாளர்கள் புழங்கும் இடங்கள்: துணி அடுக்கும் அறை, சாமான் அறை, அவர்களுடைய மாடிப்படிக் கதவு. அந்தக் கதவு இரவு முழுவதும் திறந்து மூடும்.

4 ஆகஸ்ட் 2024

சுருக்கமாகக் கேட்டால் என் பதில்: நடுவில், கீழ்ப்பக்கமாக. கப்பல் முன்னும் பின்னுமாக எழுந்து விழும்போது நடுப்பகுதிதான் குறைவாக அசையும். பக்கவாட்டில் உருளும்போது மேலே இருப்பவர்களுக்கு ஆட்டம் அதிகம், கீழே குறைவு. கண்ணை மூடிக்கொண்டு நடு அறை எடுங்கள்.

5 ஆகஸ்ட் 2024

ஒன்று விட்டுப்போனது. சில அறைகளுக்கு நடுவே இணைப்புக் கதவு இருக்கும், பெரிய குடும்பங்கள் இரண்டு அறையைச் சேர்த்து எடுக்க. வரைபடத்தில் இரண்டு அறைகளுக்கு இடையே சின்ன அம்பு போலவோ முக்கோணம் போலவோ குறி போட்டிருப்பார்கள். அதை எடுக்காதீர்கள். பூட்டித்தான் இருக்கும், ஆனாலும் பேச்சு கசியும்.

இதை நான் வெறும் அனுபவத்தில் சொல்லவில்லை. சர்வதேசக் கடல்சார் அமைப்பின் கப்பல் ஒலி விதித்தொகுப்பு 2014 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதில் அறைக்கும் அறைக்கும் நடுவிலுள்ள சுவர் குறைந்தது 35 டெசிபல் தடுக்க வேண்டும் என்று இருக்கிறது. நடுவில் இணைப்புக் கதவு இருந்தால் 30 போதும். நடைவழிக்கும் அறைக்கும் இடையிலும் 30தான். ஆக, இணைப்புக் கதவுள்ள அறையில் படுப்பது நடைவழியை இரண்டு பக்கம் வைத்துக்கொண்டு படுப்பது மாதிரி. அந்த விதி பணியாளர்களின் அறைகளுக்காக எழுதப்பட்டது, பயணிகள் அறை அதில் சேராது. ஆனால் கதவு வைத்த சுவர் பலவீனம் என்பது யார் அறையாக இருந்தாலும் மாறாது.

9 ஆகஸ்ட் 2024

சிங்கப்பூர் தேசிய தினம், இன்று எனக்கு விடுப்பு. நாலாம் தேதி எழுதியதைத் திரும்பப் படித்தேன். 'கண்ணை மூடிக்கொண்டு நடு அறை' என்று எழுதியிருக்கிறேன். அது தப்பு, திருத்த வேண்டும்.

என் இரண்டாவது பயணத்தில் நான் எடுத்தது நடு அறைதான். முதல் பயணத்து நாற்காலிச் சத்தம் மனதில் இருந்ததால் மேலே என்ன இருக்கிறது என்று மட்டும் பார்த்தேன். மேலே அறைகள், நிம்மதியாகப் பணம் கட்டினேன். கீழே பார்க்கவில்லை. கீழே இருந்தது கப்பலின் நடுக்கூடம். மூன்று தளம் உயரத்துக்குத் திறந்த கூடம், அதன் நடுவில் மேடை, மேடையில் இரவு ஒரு மணி வரை ஒரு குழு பாடிக்கொண்டிருந்தது. நல்ல பாடகர்கள். ஆனால் பாட்டு மேலே வராது, அடிநாதம் மட்டும்தான் வரும். தலையணையில் காதை வைத்தால் தும் தும் என்று கட்டில் வழியாக ஏறும். காதில் பஞ்சு வைத்தாலும் போகாது, ஏனென்றால் அது காற்று வழியாக வருவதில்லை.

நிறையக் கப்பல்களில் நடுக்கூடம், கடைகள், மதுக்கூடங்கள் எல்லாம் நடுப்பகுதியின் கீழ்த் தளங்களில்தான் இருக்கும். லிஃப்டும் அங்கேதான். அதாவது ஆட்டம் குறைவான இடத்தில்தான் ஆள் நடமாட்டம் அதிகம். ஆட்டத்துக்கும் சத்தத்துக்கும் ஒரே மருந்து கிடையாது என்பதை நான் நாலாம் தேதியே சொல்லியிருக்க வேண்டும்.

சரி, உங்களுக்கு எது முக்கியம்? நீங்கள் போவது மலாக்கா நீரிணை வழியாக. ஒரு பக்கம் சுமத்ரா, மறுபக்கம் மலேசியத் தீபகற்பம், இரண்டும் காற்றை மறைத்துவிடும். விடியற்காலையில் சில நாள் சுமத்ராப் பக்கமிருந்து இடிமழைக் காற்று வரும், ஒரு மணி நேரத்தில் அடங்கிவிடும். அந்த அளவுப் பெரிய கப்பலுக்கு அது ஒன்றுமில்லை. எனவே ஆட்டத்தை நினைத்து நடுப்பகுதிக்குக் கூடுதல் பணம் தர வேண்டாம். சத்தத்தை மட்டும் பாருங்கள்.

இதே கேள்வியை டிசம்பரிலோ ஜனவரியிலோ வியட்நாம் பக்கம் போகிறவர் கேட்டால் என் பதில் மாறும். வாடைக்காலத்தில் தென்சீனக் கடல் வேறு கடல். அங்கே நடுவும் கீழும்தான், பாட்டுச் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.

17 ஆகஸ்ட் 2024

முன்பக்கம் எடுக்கலாமா என்று கேட்டீர்கள். எங்கள் ஊரில் அதை அணியம் என்போம், பின்பக்கம் அமரம். தூத்துக்குடியில் என் அப்பா தோணியில் போனவர், கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிக்கொண்டு. அவர் வாயில் வேறு சொல் வராது.

மூன்றாவது பயணத்தில் எட்டாம் தளத்தில் அணியத்துக்குப் பக்கமாக ஓர் உள்ளறை எடுத்தேன். மேலே அறை, கீழே அறை, இணைப்புக் கதவு இல்லை, லிஃப்டிலிருந்து தள்ளி. இந்த மூன்று பயணங்களில் நன்றாகத் தூங்கியது அங்கேதான். விலையும் நடு அறையைவிடக் குறைவு. கடைசிவரை நடந்துபோக வேண்டும், அதனால் அந்த வழியில் வேறு ஆள் வரமாட்டார்.

ஒரு காலை தவிர. புக்கெட்டில் பெரிய கப்பல்கள் பாத்தோங் கடற்கரைக்கு எதிரே கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும், கரைக்குப் படகில்தான் போக வேண்டும். காலை நங்கூரத்தை விட்டபோது சங்கிலி ஓடும் சத்தம் முழு அறைக்கும் கேட்டது. நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அரை நிமிடம் இருக்கும், ஆனால் தயாராக இல்லாத ஒருவர், அதுவும் வயதானவர், பயந்துபோவார். அம்மாவிடம் முதல் நாளே சொல்லிவையுங்கள்.

பினாங்கில் அந்தத் தொந்தரவு இல்லை, சுவெட்டென்ஹாம் துறையில் கரையோடு கட்டுவார்கள். ஆனால் கரை சேரும்போது கப்பலைப் பக்கவாட்டில் தள்ள, அணியத்தின் அடியில் குறுக்கே பதித்த விசிறிகளைச் சுழற்றுவார்கள். த்ரஸ்டர் என்பார்கள். கீழ்த் தளத்தின் முன்பக்க அறைகளில் அது பெரிய மிக்ஸி ஓடுவது போல உறுமும், கண்ணாடித் தம்ளர் நடுங்கும். எட்டாம் தளத்தில் எனக்கு லேசாகத்தான் கேட்டது.

18 ஆகஸ்ட் 2024

நேற்று அமரம் பற்றி எழுதாமல் விட்டேன். பழைய கப்பல்களில் இயந்திரத்திலிருந்து நீண்ட தண்டு போய்ப் பின்னால் விசிறியைச் சுற்றும், அதன் அதிர்வு பின்பக்கக் கீழ் அறைகளில் தெரியும். புதிய பெரிய கப்பல்கள் பலவற்றில் அசிபாட் இருக்கிறது: மோட்டாரும் விசிறியும் சேர்ந்து ஒரு கூட்டுக்குள், கப்பலின் அடியில் தொங்கும், முழுவதுமாகத் திரும்பும். பயணிகள் கப்பலில் அதை முதலில் பொருத்தியது 1998இல் வந்த கார்னிவல் இலேஷனில். நீண்ட தண்டு இல்லாததால் அதிர்வு குறைவு. ஆகவே கப்பல் கட்டிய ஆண்டைப் பாருங்கள். 2023இல் சென்னையிலிருந்து இலங்கைத் துறைமுகங்களுக்குப் போன எம்ப்ரஸ் 1990இல் நோர்டிக் எம்ப்ரஸ் என்ற பெயரில் கட்டப்பட்டது, அசிபாட் வருவதற்கு முந்தியது. அந்தக் காலத்துக் கப்பல் எதிலுமே பின்பக்கக் கீழ் அறையை நான் எடுக்கமாட்டேன்.

25 ஆகஸ்ட் 2024

இப்போது பணம். இதில்தான் நான் பல முறை மனம் மாறியிருக்கிறேன்.

கியாரண்டி மலிவு என்று எல்லாரும் சொல்வார்கள். மூன்றாவது பயணத்தில் எனக்குக் கியாரண்டிக்கும் நானே எண் பார்த்து எடுத்த உள்ளறைக்கும் வித்தியாசம் தலைக்கு 38 சிங்கப்பூர் வெள்ளி. அதே பயணத்தில் உள்ளறைக்கும் பால்கனிக்கும் 210 வெள்ளி. ஆகக்கூடி, தூக்கத்தின் விலை எனக்கு 38 வெள்ளி. கண்ணில் தூக்கம் வராத ஒருவரோடு போகும்போது அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்காதீர்கள். தனியாகப் போகிற, எங்கே விழுந்தாலும் தூங்குகிற என் தம்பிக்கு நான் கியாரண்டிதான் எடுத்துக்கொடுப்பேன்.

பதிவு செய்தபின் ஒரு மின்னஞ்சல் வரும்: இவ்வளவு கூடக் கொடுத்தால் மேல் வகை அறைக்கு மாறலாம், ஏலம் கேளுங்கள் என்று. ஆசைப்படாதீர்கள். வென்றால் வகைதான் உயரும், எந்த அறை என்பது உங்கள் கையில் இல்லை. மூன்று வரைபடம் வைத்துத் தேடி எடுத்த எண் போய்விடும்.

ஜன்னல் வேண்டும் ஆனால் பணம் இல்லை என்றால் இன்னொரு வழி, உயிர்காப்புப் படகு மறைக்கும் ஜன்னல் அறை. வெளிச்சம் வரும், கடல் பாதிதான் தெரியும், விலை குறைவு. ஆனால் சில துறைகளில் கரைக்குப் போக அந்தப் படகுகளையே இறக்குவார்கள், அன்று காலை ஜன்னலுக்கு வெளியே கப்பி சுற்றும். உங்களுக்கு உள்ளறையே மேல்.

26 ஆகஸ்ட் 2024

பணத்தில் ஒன்று சேர்க்கிறேன். அறை விலை மட்டும் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். துறைமுகக் கட்டணமும், பல நிறுவனங்களில் தலைக்கு ஒரு நாளுக்கு இவ்வளவு என்று பணியாளர் அன்பளிப்பும் சேரும். அது உள்ளறைக்காரருக்கும் உண்டு.

8 செப்டம்பர் 2024

இன்னொருவர் நடுவில் கேட்டிருக்கிறார், தனியாகப் போனால் ஏன் இரண்டு பேர் பணம் என்று. அறை இரண்டு பேருக்கு என்று விலை வைத்திருப்பதால்தான். பல இடங்களில் ஒருவரிடம் கிட்டத்தட்ட இரு மடங்கு வாங்குகிறார்கள். 2010இல் வந்த நார்வீஜியன் எபிக் கப்பலில் ஒற்றை ஆளுக்கென்றே 128 சிறிய அறைகள் வைத்தார்கள், அப்புறம் மற்றவர்களும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்கிறார்கள். நமக்கு அது வேறு விஷயம், அம்மா அறைக்குத் திரும்புவோம்.

14 செப்டம்பர் 2024

உள்ளறையில் நான் சொல்ல மறந்த முக்கியமான விஷயம் இருட்டு. விளக்கை அணைத்தால் கை தெரியாது. எனக்கு அது வரம், இரவுப் பணிக்காரிக்கு அப்படிப்பட்ட இருட்டு வீட்டில்கூடக் கிடைக்காது. ஆனால் வயதானவர் நடு இரவில் எழுந்தால் எங்கே இருக்கிறோம் என்று திகைத்துவிடுவார், கால் இடறும். குளியலறைக் கதவுக்கு வாசற்படி உயர்ந்திருக்கும், கவனம்.

இரண்டு வழி உண்டு. சின்ன இரவு விளக்கு ஒன்று எடுத்துப் போங்கள், பேட்டரியில் எரிவது. அல்லது அறைத் தொலைக்காட்சியில் அணியத்துக் கேமரா காட்டும் அலைவரிசை பல கப்பல்களில் இருக்கும், ஒலியை அணைத்து அதை ஓடவிடுங்கள். இரவில் கறுப்பாக இருக்கும், விடியும்போது திரையும் வெளுக்கும். ஜன்னல் இல்லாத அறையில் விடிந்ததா இல்லையா என்று அம்மா கேட்கமாட்டார். 2014இல் வந்த குவாண்டம் ஆஃப் தி சீஸில் இதையே பெரிதாக்கி, உள்ளறைச் சுவரில் தரையிலிருந்து கூரை வரை திரை வைத்து வெளியே தெரியும் கடலை நேரடியாகக் காட்டினார்கள்.

அப்புறம், அலமாரியில் வெறும் கம்பி மாட்டிகள் ஒன்றோடொன்று தட்டும். எல்லாவற்றையும் எடுத்துத் துண்டில் சுற்றி வைத்துவிட்டுப் படுங்கள். கழிவறையில் தண்ணீர் விடும்போது வெற்றிடக் குழாய் திடீரென்று உறிஞ்சும், அம்மா முதல் முறை பயப்படுவார், மூடியை மூடிவிட்டு அழுத்தச் சொல்லுங்கள்.

6 அக்டோபர் 2024

நீங்கள் அனுப்பிய அறை எண்ணை வரைபடத்தில் வைத்துப் பார்த்தேன். தளம் சரி, மேலே கீழே அறைகள், இணைப்புக் கதவு இல்லை. ஆனால் எதிரே ஒரு வெள்ளைக் கட்டம் இருக்கிறது பாருங்கள், மாடிப்படியை ஒட்டி. அது நான் சொன்ன பணியாளர் கதவாகத்தான் இருக்கும். இன்னும் மூன்று அறை முன்பக்கம் தள்ளி, இரண்டு பக்கமும் எதிரேயும் அறைகளே இருக்கும் இடத்தில் எடுங்கள். அதே விலைதான் காட்டுகிறது, இப்போது காலியாக இருக்கிறது. நாளைக்கு இருக்குமா தெரியாது, இன்றே செய்யுங்கள்.

6 அக்டோபர் 2024, மாலை

எடுத்துவிட்டீர்கள். நல்லது. இனி அந்த ஏல மின்னஞ்சலைத் திறக்கவே வேண்டாம்.

24 நவம்பர் 2024

நீங்கள் எழுதியதைப் படித்துச் சந்தோஷப்பட்டேன். முதல் மூன்று இரவும் அம்மா நன்றாகத் தூங்கினார், புக்கெட்டில் நங்கூரம் இறங்கும்போது 'இதுதானே அந்தப் பொண்ணு சொன்னது' என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்தார் என்றீர்களே, அதை என் அம்மாவிடமும் படித்துக் காட்டினேன்.

கடைசி இரவுச் சத்தத்தை நான் சொல்லியிருக்க வேண்டும். மறுநாள் இறங்குவதற்காகப் பெட்டிகளை இரவே கதவுக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள், நள்ளிரவு தாண்டியும் வண்டியில் ஏற்றுவார்கள். எந்த அறை எடுத்தாலும் அந்த ஓர் இரவுச் சத்தத்திலிருந்து தப்ப முடியாது. பெட்டியை நாமே கொண்டுபோகலாம், ஆனால் மற்றவர் பெட்டி உருளத்தானே செய்யும். இதை எழுதாமல் விட்டதற்கு மன்னிக்கவும்.

19 ஜனவரி 2025

இந்த இழையில் இனி எழுத ஒன்றும் இல்லை என்று நினைத்திருந்தேன். போன வாரம் ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். பினாங்குக்கு மூன்று இரவு கூட்டிப்போனேன். இங்கே நான் எழுதிய எல்லாவற்றையும் வைத்து அவர்களுக்கு அறை எடுத்தேன்: எட்டாம் தளம், முன்பக்கம் தள்ளி, சுற்றிலும் அறைகள், உள்ளறை. அம்மா போய்ப் படுத்தவள் காலையில்தான் எழுந்தாள்.

அப்பா தூங்கவில்லை. இரவு மூன்று மணிக்கு அம்மா தொலைபேசியில் கூப்பிட்டாள், ஆளைக் காணோம் என்று. தேடினேன். கீழே படகுகள் தொங்கும் தளத்து நடைபாதையில், போர்வையைப் போர்த்திக்கொண்டு ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னப்பா, அறையில் சத்தமா என்றேன். "சத்தமே இல்லியே மக்கா. கப்பல் ஓடுதா நிக்குதான்னே தெரியல. தண்ணி வெட்டுற சத்தம் காதுல விழுந்தாத்தான எனக்குக் கண்ணு மூடும்" என்றார். தோணியில் அணியத்துப் பலகையில் இருபத்தைந்து வருடம் படுத்தவர். சத்தம் நின்றால் ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று எழுந்து பார்த்தே பழகியவர். அது எனக்குத் தெரியும், ஆனால் அறை எடுக்கும்போது நினைவுக்கு வரவில்லை. அவரோடு விடியும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். தூரத்தில் மீன்பிடிப் படகுகளின் விளக்குகளை ஒவ்வொன்றாகக் காட்டி, எது வலை விட்டிருக்கிறது, எது சும்மா நிற்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தார். அப்புறம் அப்படியே தூங்கிவிட்டார்.

20 ஜனவரி 2025

கேட்டவர்களுக்கு: ஆமாம், திரும்பவும் கூட்டிப்போகிறேன், ஜூனில், அதே வழி. இந்த முறை வரைபடத்தை எதிர்ப்பக்கமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். இருப்பதிலேயே கீழ்த் தளம், அணியத்துக்குப் பக்கம், வட்டக் கண்ணாடி வைத்த ஜன்னல் அறை. அணியம் கிழித்துப்போகும் தண்ணீர் அங்கே சுவரை ஒட்டியே ஓடும். துறைமுகத்தில் த்ரஸ்டர் உறுமும், அதற்கு அப்பா எழுந்து உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார். ஜன்னல் அறைகளில் விலை குறைந்ததும் அதுதான். அம்மாவை என்னோடு எட்டாம் தளத்து உள்ளறைக்கு வரச் சொன்னேன், மாட்டேன் என்கிறாள். காதில் பஞ்சு வைத்துக்கொள்கிறாளாம்.